பொங்கல் சோறும் பால்மாட்டு வயிறும்

தலைப்பைப் பார்த்ததுமே, "தண்டவாளம் பார்த்த மனிதருக்கு மாட்டுத் தீவனத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பாதைப் பிரிவில் சேர்ந்தவன். வதோதராவுக்கும் ஆனந்துக்கும் இடையே உள்ள சுமார் 35 கிலோமீட்டர் பாதையில் பாஜ்வா, ரணோலி, வாசத் என்று வெயிலிலும் மழையிலும் நடந்தே வயதைக் கழித்தவன். அந்த நாட்களில் மாடு என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வண்டியில் அடிபட்ட மாடு, அதற்கு ஒரு ரிப்போர்ட், வண்டி தாமதமான நிமிடங்களுக்கு ஒரு விளக்கம். அதற்கு மேல் நான் மாட்டைப் பற்றி யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு பசுவின் சாவு. அதில் என் பங்கு பெரிது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018இல் ஓய்வு பெற்றேன். "இனி உங்களுக்கு நேரம் இருக்குமே" என்று சொல்லி, 2019 பொங்கல் விழாவுக்கு என்னைச் சாப்பாட்டுக் கமிட்டியில் போட்டார்கள். விழா ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. நானூறு பேருக்குச் சமைத்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போன பல குடும்பங்கள் திரும்பி வராததால் இருநூற்றைம்பது பேர்கூடத் தேறவில்லை. ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலும் அதே அளவு வெள்ளைச் சாதமும் அப்படியே நின்றன. கீழே கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. "மாட்டுக்குக் கொடுத்தால் புண்ணியம்" என்று ஒருவர் சொன்னார். மறுபேச்சில்லாமல் நான் ஒரு டெம்போ பிடித்து, எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பர்வாட் சமூகத்துப் பால்காரரின் கொட்டகைக்கு இரண்டு அண்டாவையும் அனுப்பி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவரிடம் அப்போது மூன்று எருமைகளும் ஒரு எச்.எப். கலப்புப் பசுவும் இருந்தன. பசு நாளுக்கு 14 லிட்டர் கறப்பது. அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது, கடன் பாக்கி வேறு. அன்று இரவு பால்காரர் வெளியே போயிருக்க, அவருடைய வயதான தாயார், நல்ல மாட்டுக்கு நல்ல சாப்பாடு என்று நெய் மணக்கும் பொங்கலையும் சாதத்தையும் பசுவின் தொட்டியிலேயே வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறார். பசு அத்தனையையும் தின்றுவிட்டது. மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இடது பக்க வயிறு உப்பியிருந்தது. அசை போடவில்லை. சாணம் தண்ணீராக, புளித்த வாடையுடன் போனது. மாலையில் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், சோடா மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

நான் ஓடினேன். பால்காரர் என்னைத் திட்டவில்லை. "சாஹேப், நீங்கள் நல்லதுக்குத்தானே அனுப்பினீர்கள்" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கமிட்டி நண்பர்கள் சேர்ந்து ஒரு தொகை திரட்டிக் கொடுத்தோம். பசுவின் விலையில் பாதிகூட அது வரவில்லை. பணத்தை வாங்கிக்கொள்ள அவரும் லேசில் சம்மதிக்கவில்லை.

சோறு எப்படி ஒரு மாட்டைக் கொல்லும் என்பது எனக்குப் புரியவில்லை. கெட்டுப்போன சோறு இல்லை, நாங்கள் சாப்பிட்ட அதே சோறுதான். மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதையும், பிறகு ஆனந்துக்குப் போய்வந்து நானாகத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் நிலம் வைத்துக்கொண்டு, "ரிடையர் ஆனதும் போய் இரண்டு மாடு வைத்துக்கொள்ளலாம்" என்று கனவு காணும் நண்பர்கள் நமக்குள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

நான்கு அறை வயிறு

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் மிகப் பெரியது. வளர்ந்த பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும், அதாவது நம் வீட்டுப் பெரிய டிரம் ஒன்றின் அளவு. இதை வயிறு என்பதைவிடப் புளிக்க வைக்கும் தொட்டி என்பதே பொருத்தம். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அவற்றைவிடச் சற்றுப் பெரிய ஓரணு உயிர்களும் பூஞ்சைகளும் அதற்குள் குடியிருக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் உடைப்பது மாடு இல்லை, இந்தக் குடித்தனக்காரர்கள்தான். அப்படி உடைக்கும்போது மூன்று வகை அமிலங்கள் உண்டாகின்றன. நம் சமையலறை வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் ஒன்று, புரொப்பியானிக் ஒன்று, பியூட்ரிக் ஒன்று. இவை முதல் வயிற்றின் சுவர் வழியாகவே இரத்தத்தில் கலந்து மாட்டுக்குச் சக்தி தருகின்றன. நார்த்தீவனம் தின்றால் அசெட்டிக் அமிலம் அதிகம் வரும், அதிலிருந்துதான் பாலில் உள்ள கொழுப்பு உருவாகிறது. தானியம் தின்றால் புரொப்பியானிக் அதிகம் வரும், அது குளுக்கோஸாக மாறிப் பாலின் சர்க்கரைக்குப் பயன்படுகிறது, பாலின் அளவைக் கூட்டுகிறது. ஆக, பால் நிறைய வேண்டுமென்று தானியத்தை மட்டும் ஏற்றிப் புல்லைக் குறைத்தால் பாலில் கொழுப்பு விழும். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பைப் பார்த்துத்தானே காசு போடுகிறார்கள்!

இன்னொரு ஆச்சரியம் உண்டு. அந்த நுண்ணுயிர்கள் வளர்ந்து பெருகி, தீவனத்தோடு நகர்ந்து நான்காம் அறைக்குப் போகும்போது, அங்கே அவையே ஜீரணமாகி மாட்டுக்குப் புரதமாகிவிடுகின்றன. பசு சைவம் என்று நாம் சொல்கிறோம். உள்ளே நடப்பது வேறு கதை.

இந்தத் தொட்டி ஒழுங்காக வேலை செய்ய, புளிப்பு ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். பி.எச். 6க்கும் 7க்கும் இடையே இருந்தால் நல்லது. அதைக் காப்பது மாட்டின் உமிழ்நீர். பெரிய பசு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் நம் ஆப்பசோடாவில் உள்ள அதே பைகார்பனேட் இருக்கிறது. மாடு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போடுகிறதே, அது பொழுதுபோக்கு இல்லை. மெல்ல மெல்ல உமிழ்நீர், உமிழ்நீர் இறங்க இறங்க வயிற்றில் புளிப்பு மட்டுப்படும். அசை போட வைப்பது நீளமான, சொரசொரப்பான நார். பாதைக்காரன் பாஷையில் சொன்னால், வைக்கோலும் தட்டையும் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஜல்லி மாதிரி. பார்த்தால் வெறும் கல்தான், எடுத்துவிட்டால் வண்டி தடம் புரளும்.

இப்போது சோற்றுக்கு வருவோம். வெந்த அரிசி முழுக்க மாவுச்சத்து. மெல்ல வேண்டியதில்லை, எனவே உமிழ்நீரும் இறங்காது. நிறையச் சோறு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால், மாவைத் தின்னும் ஒரு சில வகை பாக்டீரியாக்கள் மட்டும் கண்மூடித்தனமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. பி.எச். 5க்கும் கீழே போகிறது. நார் தின்னும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடுகின்றன, வயிறு அசைவதை நிறுத்திவிடுகிறது. அமிலம் திரண்ட வயிறு உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும், உடம்போ வறண்டு கண் குழி விழும். அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது. ஓரிரு நாளில் மாடு போய்விடும். பிழைத்துக்கொண்டாலும் வயிற்றின் சுவர் புண்ணாகி, கல்லீரலில் சீழ் கட்டி, குளம்பு நோய் வந்து, பழைய கறவைக்குத் திரும்பாத மாடுகள் உண்டு.

நாங்கள் அனுப்பியது பொங்கல் சோறு. குஜராத்தியரும் அதே நாளில், உத்தராயணத்தன்று, கோதுமையையோ சோளத்தையோ அவித்து 'கூக்ரி' செய்து பசுவுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பிடி என்றால் ஒன்றும் ஆகாது. தெருவில் முப்பது வீட்டுக்காரரும் ஒரே பசுவுக்குக் கொடுத்தால், எங்கள் அண்டாவுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கஞ்சரி ஸ்டேஷனும் 'காண்தாண்' மூட்டையும்

நான் குஜராத்துக்கு வந்த புதிதில், பால் சங்கங்களின் வாசலில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காட்டி 'காண்தாண்' என்பார்கள். எனக்கு அப்போது இந்தியே அரைகுறை. 'கான்தான்' என்றால் குடும்பம், வம்சம் என்று தெரியும். குடும்பத்தை எப்படி மூட்டையில் கட்டினார்கள் என்று விழித்தேன்! குஜராத்தியில் காண்தாண் என்றால் மாட்டுக்கான கலப்புத் தீவனம்.

அந்த மூட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆனந்தைத் தாண்டி நடியாத் பக்கம் போகும்போது கஞ்சரி போரியாவி என்று ஒரு ஸ்டேஷன் வரும். கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம், அதாவது அமுல், 1946இல் தொடங்கியது. பால் வாங்குவதற்கு வழி செய்த பிறகு, மாட்டுக்கு என்ன போடுவது என்ற கேள்வி வந்தது. அதற்காகக் கஞ்சரியில் கலப்புத் தீவனத் தொழிற்சாலை கட்டினார்கள். 1964 அக்டோபர் 31 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதைத் திறந்து வைத்தார். முந்தைய இரவு அவர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகளோடு தங்கி, அவர்கள் மாடு வளர்ப்பதையும் பால் சங்கம் நடத்துவதையும் நேரில் கேட்டறிந்தார். அடுத்த வருடமே, 1965இல், தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் ஆனந்தில் உருவானது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற வர்கீஸ் குரியன் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். மெக்கானிக்கல் இன்ஜினியர். எனவே இன்ஜினியர் மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது!

வாரியம் பிற்காலத்தில் 'தீவனச் சமநிலைத் திட்டம்' ஒன்றைக் கொண்டு வந்தது. கிராமத்தில் ஒருவரைப் பயிற்றுவித்து, அவர் மாட்டை அளந்து, பாலை அளந்து, அந்த வீட்டில் கிடைக்கும் தீவனம் என்னென்ன என்று கேட்டு, கம்ப்யூட்டர் உதவியோடு எதை எவ்வளவு போடலாம் என்று சொல்லிவிடுவார். இருப்பதை வைத்தே செலவைக் குறைப்பதுதான் நோக்கம். நம்மில் பலருக்கு அந்த வசதி இருக்காது. ஆனால் கணக்கின் அடிப்படை எளிது, கையாலேயே போட்டுவிடலாம்.

ஒரு டேப்பும் ஒரு தராசும்

மாட்டின் எடையை எப்படி அறிவது? தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. நானூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறவை மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர் எடை தின்னும். உலர் எடை என்பது தீவனத்திலிருந்து தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது. நானூறு கிலோ மாட்டுக்கு 10 முதல் 12 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். 25 கிலோ புல் போட்டால் 5 கிலோதான் கணக்கில் சேரும். வைக்கோலில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். "ஒரு கட்டுப் புல் போட்டேனே" என்பார்கள். கட்டு பெரிதுதான், உள்ளே சரக்கு குறைவு.

மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்லும் வைக்கோலும், ஒரு பங்கு அடர் தீவனம் என்பது பொது விதி. அடர் தீவனத்துக்கு, மாட்டின் உடம்புக்கென்று ஒரு கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் நம் நானூறு கிலோ பசுவுக்கு ஐந்து கிலோ வரும். அதோடு பசும்புல் 25 கிலோ, வைக்கோலோ சோளத்தட்டையோ 3 கிலோ. கூட்டினால் உலர் எடை சுமார் 12 கிலோ, சரியாகப் பொருந்துகிறது. அந்த ஐந்து கிலோவையும் ஒரே வேளையில் கொட்டக் கூடாது, காலை மாலை கறவையை ஒட்டிப் பிரித்துப் போட வேண்டும்.

அடர் தீவனத்தை வீட்டிலேயே கலப்பவர்களுக்கு: நூறு கிலோவில் உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 35, புண்ணாக்கு 30, தவிடும் உளுந்து, துவரைப் பொட்டும் சேர்த்து 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. புண்ணாக்கு எது என்பது ஊரைப் பொறுத்தது. இங்கே குஜராத்தில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, நம் ஊரில் கடலை, எள், தேங்காய். எதுவானாலும் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும் தொடாதீர்கள். கடலைப் புண்ணாக்கில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது மாட்டின் கல்லீரலைக் கெடுப்பதோடு நிற்காமல், சற்று உருமாறிப் பாலிலும் வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. "மனுஷனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு" என்று நாம் சொல்வது அடுத்த வேளை காபியில் நமக்கே திரும்பி வருகிறது.

நான் ஒரு தொங்கு தராசு வாங்கிப் பால்காரர் கொட்டகையில் மாட்டினேன். முதலில் சிரித்தார். "சாஹேப், என் தாத்தா தராசு வைத்தா மாடு வளர்த்தார்?" என்றார். தாத்தாவிடம் இருந்தது காங்க்ரேஜும் கிர்ரும். காட்டில் மேய்ந்து, கொடுத்ததைக் கறந்தன. பதினாலு லிட்டர் மாடு வேறு சாதி. அதற்குக் கணக்கு வேண்டும் என்றேன். ஒரு வாரம் அளந்து பார்த்ததில் தெரிந்தது இதுதான்: நன்றாகக் கறந்த எருமைக்குக் குறைவாகவும், வற்றப் போகும் எருமைக்கு அதிகமாகவும் போய்க்கொண்டிருந்தது. தொட்டியில் முண்டியடித்தது யாரோ, அதற்குத்தான் தீவனம். அதைத் திருத்தியதற்கு ஒரு பைசா செலவில்லை.

தண்ணீர் இன்னொன்று. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கறவை மாட்டுக்கு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும், வதோதராவின் மே மாத வெயிலில் இன்னும் அதிகம். காலை மாலை இரண்டு வேளை மட்டும் வாளி காட்டிக்கொண்டிருந்தவர், எப்போதும் குடிக்கும்படி ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். அந்த வாரமே பால் கூடியது என்கிறார். எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு போன்

பசு செத்த கதை ஊருக்கும் போயிற்று. என் தம்பி மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறான். ஒருநாள் போன் செய்தான். "அண்ணா, நாலு லிட்டர் கறந்த காலைக் கறவை ரெண்டரைக்கு வந்துடுச்சு. கன்னு போட்டு அஞ்சு மாசமாச்சு, பருவத்துக்கும் வரமாட்டேங்குது. நீ என்னமோ படிச்சிருக்கியாமே?" என்றான். கேலிதான்.

என்ன போடுகிறாய் என்று கேட்டேன். வேண்டிய மட்டும் வைக்கோல், கழுநீரும் வடித்த கஞ்சியும் ஒரு வாளி, தவிடு மூன்று கிலோ, கைப்பிடி தேங்காய்ப் புண்ணாக்கு. தஞ்சைப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் கதை. நெல் விளையும் ஊரில் மாடும் நெல்லையே நம்பியிருக்கிறது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலு பங்குதான். அதோடு நெல் வைக்கோலில் சிலிக்காவும் ஆக்சலேட்டும் இருக்கின்றன. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியே போகிறது. எட்டு லிட்டர் கறந்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட பத்து கிராம். உள்ளே வராமல் வெளியே மட்டும் போனால், மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பருவத்துக்கு வராமல் போவதற்குத் தாது உப்புக் குறைவும் சக்திக் குறைவும் முக்கியமான காரணங்கள். சினை ஊசி போட்டுப் போட்டுச் சலித்துப் போகிறவர்கள் முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். தவிட்டைப் பாதியாகக் குறைத்து அதற்குப் பதில் கலந்த அடர் தீவனம், நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை, கொல்லையில் பத்து சென்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 கம்பு நேப்பியர் புல், வேலி ஓரமாக வேலிமசால். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே, வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுச் சாப்பாட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றேன். கோ-4 கரணை நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஒரு முறை. அதுவரை அகத்திக் கீரையும் தட்டைப்பயறுக் கொடியும் போட்டான். பயறு வகைத் தீவனத்தில் புரதம் அதிகம். ஆனால் ஈரத்தோடு வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் வயிறு உப்பும், வைக்கோலோடு கலந்தே போட வேண்டும். சூபாபுல் என்னும் சவுண்டல் இலையும் நல்லதுதான், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. சோளப் பயிரை இளசாகவோ, மழையில்லாமல் வாடிக் குட்டையாக நிற்கும்போதோ அறுத்துப் போடக் கூடாது. அதில் சயனைடு உண்டாகும், மாடு நின்ற இடத்தில் விழும். பூ விட்ட பிறகு பயமில்லை.

மூன்று மாதம் போன் இல்லை. பிறகு வந்தது. "அண்ணா, ரெண்டு வேளையும் சேத்து எட்டு வருது. சினையும் பிடிச்சிருக்கு" என்றான். கேலி இல்லை.

சினை மாட்டுக்கும் ஒரு வார்த்தை. கன்று ஈனுவதற்கு அறுபது நாள் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் ஒரு கிலோ அடர் தீவனம் கூடுதலாக வேண்டும். "பால் கொடுக்காத மாட்டுக்கு எதற்கு?" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது. ஈன்ற முதல் இரண்டு மூன்று நாளில், நன்றாகக் கறக்கும் மாடு திடீரென்று படுத்து, கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்து வைத்துக்கொண்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு ஜில்லென்று இருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்குவதால் வருவது. மருத்துவர் வந்து கால்சியம் ஊசியை மெதுவாக ஏற்றினால் சில நேரம் அரை மணியில் எழுந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

பிறகு சீம்பால். இங்கே 'பளி' என்பார்கள். எங்கள் பால்காரர் கன்று போட்ட மறுநாளே தூக்கில் கொண்டுவந்து கொடுப்பார், என் மனைவி வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவிப்பாள். இப்போது வாங்குவதற்கு முன் நான் கேட்பது, கன்று குடித்ததா என்றுதான். பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் போக வேண்டும். முதல் நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

நாம் கொடுக்கும் கை

நகரத்தில் இருக்கும் நாம் மாடு வளர்ப்பதில்லை. ஆனால் மாட்டுக்குக் கொடுக்கிறோம், அமாவாசைக்கும் திதிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும். மிச்சச் சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவில் வைக்கிறோம். மாடு பையோடு விழுங்குகிறது. பை ஜீரணமாகாது, வெளியே வராது, வருடக்கணக்கில் சேர்ந்து பந்தாக முதல் வயிற்றை அடைத்துக்கொள்ளும். ஆணியும் கட்டுக்கம்பியும் அதைவிட மோசம். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. கம்பி இரண்டாவது அறையில் போய் விழும். அந்த அறைக்கு அடுத்தாற்போல, ஒரு மெல்லிய தடுப்புக்கு அப்பால் இதயம். வயிறு அசையும் போதெல்லாம் கம்பி முன்னேறும். இதற்காகவே மாட்டை விழுங்க வைத்து வயிற்றிலேயே விட்டுவிடும் காந்தம் உண்டு, கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் பாதை வேலையில் கம்பித் துண்டுகளை எத்தனை இடத்தில் அப்படியே விட்டு வந்திருப்போம் என்பது அதைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

மாட்டுப் பொங்கலுக்கு வாழையிலையில் ஒரு பிடி பொங்கல், ஒரு வாழைப்பழம். அதோடு நிறுத்துங்கள். மனம் கேட்கவில்லையென்றால் குதிரைமசால் வாங்கிக் கொடுங்கள், இங்கே 'ராஜ்கோ' என்பது அதுதான். கரும்புத் தோகையும் நல்லது. மொத்தமாகக் கொடுக்க நினைப்பவர்கள் பாஞ்சராபோளில் போய் வைக்கோலுக்கோ புல்லுக்கோ பணம் கட்டலாம். எங்காவது ஒரு மாடு சோறு, மாவு, கூக்ரி நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், வயிறு உப்பும் வரை காத்திருக்க வேண்டாம். மீதித் தீவனத்தை எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் போட்டு, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் வந்தால் அவரால் செய்ய முடிவது நிறைய. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் 1962 என்ற எண்ணைச் சுழற்றினால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அந்த 2019க்குப் பிறகு, நம் விழாவில் மிஞ்சும் சாதம் மாட்டுக்கு என்று யாராவது சொன்னால் நான் அண்டா பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கச் சொல்லி எண்ணிச் சமைக்கிறோம், மிஞ்சினால் மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர்களுக்குப் பொட்டலம் போகிறது. பால்காரர் இரண்டு வருடம் கழித்துத்தான் இன்னொரு கலப்புப் பசு வாங்க முடிந்தது. அது இப்போது இரண்டாம் ஈற்று, 12 லிட்டர். போன பொங்கலன்று நான் ஒரு கட்டு ராஜ்கோவோடு போனேன். அவருடைய தாயார் கட்டை வாங்கித் தராசில் மாட்டி, எத்தனை கிலோ என்று என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். எட்டரை இருந்தது. பாதியை எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தட்டையோடு கலந்து பசுவுக்குப் போட்டார்.